வெயிலில் நொறுங்கிய நாற்காலி

திருத்தணி பேருந்து நிலையத்தில் திருப்பதி பஸ் நிற்கும் இடத்தருகே எலுமிச்சை ஜூஸ் விற்கும் பெண் என்னைவிடச் சற்று மூத்தவர். வேலை முடிந்து வரும்போது அவரிடம் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு சித்திரை மாதம், எனக்காகப் பழம் பிழிய உட்கார்ந்தவர் அப்படியே தரையில் விழுந்தார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் முறிந்திருந்தது. கீழே ஊன்றிய வலது மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எலும்பு முறிந்திருந்தது, மாவுக்கட்டு போட்டார்கள்.

ஆட்டோ ஏறுமுன் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போடும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் செய்தது. அங்கே பிளாஸ்டிக் மணிகளோடு சாயத்தையும் மற்றதையும் கலந்து மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. வெயில் தாங்குவதற்கான மருந்தைச் சேர்க்க வேண்டாமென்று முதலாளி சொன்ன மாதங்கள் உண்டு. நானும் பேசாமல் விட்டிருக்கிறேன். அந்த நாற்காலி வெளுத்துப்போய், தொட்ட விரலில் மாவாக ஒட்டியது.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, அந்த சேரு நாங்க பண்ணது. போட வேண்டியத போடாம வுட்டுட்டோம்."

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "வெயில்ல கெடந்தா மனுசனே வாடிப் போறான். சேரு இன்னா பண்ணும்? நீ அழுதுகினு நிக்காத, உக்காரு" என்றார்.

மறுநாள் முதலாளியிடம், இனி மருந்தில்லாமல் கலக்க மாட்டேன் என்றேன். அவர் முறைத்தார், ஆனால் மறுக்கவில்லை. அந்தச் சமயம் சென்னையிலிருந்து மூலப்பொருள் விற்க வந்தவர் கிராஃபீன் என்ற கருப்புத் தூளைக் காட்டினார். பென்சில் கரியையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளாகப் பிரித்தது. துளி சேர்த்தாலே புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காக்கும் என்றார்.

முதல் கலவை வீணாகிப்போனது. நாற்காலி முழுக்கக் கரும்புள்ளிகள். புள்ளி இருந்த இடத்திலேயே விரிசலும் விட்டது. மெஷின் பழுது பார்க்கும் பாய்தான் வழி சொன்னார்.

"தூள அப்டியே கொட்டினா கட்டி கட்டியாதாம்மா நிக்கும். மொதல்ல கொஞ்சம் பிளாஸ்டிக்ல உருக்கி மணியாக்கு. அந்த மணிய எடுத்து மொத்தத்துல கல."

அப்படியே செய்தோம். தூள் கலந்த பிளாஸ்டிக் பட்டைகளையும் கலக்காதவற்றையும் சோதனைக்காகக் கூரைமேல் கட்டிவைத்தோம். ஆடிக் கிருத்திகைக் காவடிகள் வந்து போயின. அடுத்த கத்திரி வெயிலும் முடிந்த பிறகு கழற்றி வளைத்துப் பார்த்தேன். கலக்காதது அப்பளம்போல் நொறுங்கியது. கலந்தது வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது.

சிவப்பு மட்டும் சரியாக வரவில்லை. சாம்பல் பூசியதுபோல் மங்கியே வந்தது. "இந்தக் கலர யாரு வாங்குவா?" என்று முதலாளி அலுத்துக்கொண்டாலும் வெளியில் போடும் நாற்காலிகளுக்கு அதையே வைத்துக்கொண்டார்.

முதல் நாற்காலியை அக்காவிடம் கொண்டுபோனேன். அதற்குள் அவர் இடது கையால் பழம் பிழியப் பழகியிருந்தார். வலது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை. நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "ஆங், கெட்டியாதான் கீது" என்றார். அதன்மேல் பழக்கூடையைத் தூக்கி வைத்தார். தான் மட்டும், விழுந்த நாளிலிருந்து உட்காரும் மரப்பெட்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.