இலவச பால்கனி அறை

கப்பலில் போக வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. கோவையில் பயண முகவராக இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியிடமே முன்பணம் கட்டினேன்.

"சாதா ரூம் காசுலயே உங்களுக்காவ பால்கனி ரூம் இலவசமா வாங்கியிருக்கேனுங்கக்கா" என்றான்.

பயணத்தை ரத்து செய்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்ற விதிகளை எழுத்தில் கேட்டேன்.

"நமக்குள்ள எதுக்குங்கக்கா பேப்பரு? உங்க பாப்பா கல்யாணத்துல முன்ன நின்னவன் நானுங்க" என்று சிரித்தான். பால் கணக்கைக்கூட டைரியில் எழுதும் நான், கூசிப்போய் விட்டுவிட்டேன்.

கிளம்ப இரண்டு மாதம் இருக்கையில் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்ததால் ரத்து செய்யச் சொன்னேன்.

"இலவச ரூம் வாங்குனா டெபாசிட் திரும்பாதுங்கக்கா."

"இத அன்னைக்கே ஏங்கண்ணு சொல்லல?"

"சொன்னா நீங்க கட்டியிருக்க மாட்டீங்கல்லங்க?"

அப்போதும் அவன் விடாமல் போட்ட அந்த 'ங்க'வைக் கேட்கவே பிடிக்கவில்லை. அதே வாரம் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "குணமானதும் வேற கப்பல் பாத்துக்கலாமுங்க மாமா" என்றான். அந்த ஆப்பிளை நான் தொடவில்லை.

இப்போதெல்லாம் ரத்து விதிகளைத் தாளில் வாங்கி, முகவர் எதிரிலேயே வாசித்த பிறகுதான் கைப்பையைத் திறக்கிறேன். எதையாவது இலவசம் என்றால், அதற்கு என்ன நிபந்தனை என்று கேட்கிறேன். போன மாதம் ரயில் சுற்றுலாவுக்கு ஆள் சேர்த்துப் பணம் வாங்கிய என் தங்கை கணவரிடமும் அப்படியே கேட்டேன். அவர் முகம் கோணியது. கோணட்டும், தாள் கைக்கு வந்தது.

- ஒரு வாசகி, கோயம்புத்தூர்