பதினேழாம் நம்பர் வீட்டில் கேட்ட கேள்வி

பி.யு.சி. முடித்துவிட்டு, மெயின்லேண்டில் எந்தக் கல்லூரியாவது கூப்பிடாதா என்று எங்கள் தீவின் மரைன் ஹில்லில் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த வருடம். மனோதத்துவப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்து, அதை மூன்று முறை படித்துவிட்டு, எதிரே வருகிறவர்களின் மனத்தை எல்லாம் எடைபோட்டுத் திரிந்தேன். அப்படி இருக்கையில் ஒரு மனோதத்துவப் பேராசிரியர் வந்து இறங்கி, சிலோன் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களை ஆராயத் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றால் விடுவேனா? அன்றைக்கே போய் நின்றேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. நான் கேள்வி கேட்டு, பதிலை எழுதி, ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பு. யாருடைய பெயரும் தாளில் வரக்கூடாது, எண் மட்டும் போதும் என்றார்.

பெரார்கஞ்சுக்கு அப்பால், காட்டை வெட்டி அமைத்த குடியிருப்பு அது. ஒவ்வொரு கதவிலும் அரசாங்கம் தாரால் நம்பர் எழுதியிருந்தது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து கொண்டுவந்த பழக்கமோ என்னவோ, அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒம்பதாம் நம்பர் மாமா, இருபதாம் நம்பர் மதினி, அவ்வளவுதான். தாள்கள் கலந்துவிடக் கூடாதே என்று, நான் அந்த வீட்டு நம்பரையே ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதினேன். பேராசிரியர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அங்கே நம்பர்தான் கூப்பிடும் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் தோன்றவில்லை.

பதினேழாம் நம்பர் அக்கா பால்வாடியில் ஆயா. அவள் கணவன் மரம் ஏற்றும்போது விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"எங்க மண்டைக்குள்ள தேயில மொளச்சிருக்கான்னு பாக்கவா வந்தீங்க?" என்றாள். "பொழுது போவலைன்னா வந்து பால் பவுடர் கரைச்சுக் குடுங்க தம்பி, புண்ணியமாப் போவும்."

"பேரே எழுத மாட்டோம்க்கா. யாரு சொன்னதுன்னே தெரியாது. சத்தியமா."

மூன்றாவது நாள்தான் உட்கார்ந்தாள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கையில் மனத்தில் என்ன வரும் என்பது கேள்வி.

"சிலோன்லேருந்து வந்து முகாம்ல இருந்தப்ப ஒரு புள்ளையப் பறிகுடுத்தேன். இங்க அடுத்தவ புள்ளைய இடுப்புல தூக்குனா, சமயத்துல அப்பிடியே தூக்கிக்கிட்டு ஓடையில எறங்கிறலாமான்னு இருக்கும். செய்ய மாட்டேன் தம்பி. நெனப்பு வரும், போயிரும்."

ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். இப்படி ஒரு பதில் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை. பேராசிரியர் அதைப் படித்து என் தோளைத் தட்டியபோது, அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

நான்கு மாதம் கழித்து, டைப் அடித்த அறிக்கையின் பிரதி ஒன்று குடியிருப்பு அலுவலகத்துக்கு வந்தது. மரியாதைக்கு அனுப்பியது. அங்கிருந்த தமிழ் கிளார்க் ரேஷனுக்கு நின்றவர்கள் முன்னாலேயே புரட்டி, அந்த ஓடைப் பதிலை உரக்க வாசித்திருக்கிறார். "பதினேழு... அரே, நம்ம பால்வாடிக்காரி! பாகல் கேஸுங்க, பைத்தியம் இது." செய்ய மாட்டேன் என்று அவள் சொன்னதும் அதே பக்கத்தில் இருந்தது. அதை அவர் வாசித்துக் காட்டவில்லை.

அந்த வாரமே தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

குடியிருப்பு அதிகாரியிடம் ஓடினேன். அது வீட்டு நம்பர் இல்லை சார், நானாகப் போட்ட எண் என்று பொய் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "டீக் ஹை, சரி. அப்ப இது யாரு? ஒருத்தி இருக்கா இல்ல? சொல்லு, அவள நிறுத்திட்டு இவளைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். யாரையும் காட்டாமல் வெளியே வந்தேன். பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பெயர் எங்கும் வெளியிடப்படவில்லை, விதி மீறப்படவில்லை, வருந்துகிறேன் என்று மூன்று வரி வந்தது.

அவளைப் பார்க்கப் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பேர எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணுனீங்க. பேரையே எழுதியிருக்கலாம் தம்பி. இங்க எம் பேரு எவனுக்குத் தெரியும்?"

மன்னிச்சிருங்கக்கா என்றேன். எதிர்வீட்டில் ஒருத்தி முற்றத்தில் விளையாடிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அக்கா அதைப் பார்த்தாள். கோடாரியைக் கீழே வைத்தாள்.

"கெளம்புங்க. நீங்க இங்க நிக்க நிக்க, இன்னும் என்னத்தையோ சொல்லிக்கிட்டு இருக்கேன்னுதான் நெனப்பாங்க."

கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை கதவுகள் சாத்தியிருந்தன.