பழசைக் கொடுத்தால் புதுசு

முப்பது வருஷம் ராணுவக் கிடங்கில் சாமான் வாங்கியும் வழங்கியும் ஓய்வு பெற்றவன் நான். என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். உருதும் தெலுங்கும் புழங்கும் திருமுல்கேரியில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய எங்கள் கிளப்பில் அதனால் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. என் மனைவி மட்டும் சிரிப்பாள்.

மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. போலியோவில் கால் சூம்பியவர்களுக்கு உதவும் ஒரு அறக்கட்டளைக்காகப் பணம் சேர்க்க முடிவு செய்தோம். ஆறு மாதம், ஞாயிறு தவறாமல் பொங்கலும் வடையும் விற்றோம். சனிக்கிழமை முழுக்க மாவரைத்துப் பெண்களுக்கு இடுப்பொடிந்தது. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் காரில் வந்து, மீதிச் சில்லறைகூடக் கேட்காமல் பொட்டலத்தோடு போனார்கள். முப்பது பேருக்குக் காலிப்பர் வாங்கும் அளவுக்குத் தேறியது. காலிப்பர் என்றால், தொடையிலிருந்து பூட்ஸ் வரை காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம்.

அந்த முப்பது பேரில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். அல்வாலில் எங்கள் தெருவிலேயே அம்மாவோடு இருந்தாள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். இவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பாக்கிங் வேலை. பாக்கிங் பிரிவு முதல் மாடியில். அவளுடைய காலிப்பர் பல வருஷப் பழசு, முழங்கால் பூட்டு தளர்ந்துபோய்விட்டது. அதைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறுவாள்.

"ஏற முடியலன்னா வேற ஆள் போட்டுருவாங்க அங்கிள்" என்றாள் ஒருமுறை. அந்தச் சம்பளத்தில்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

"ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியா அளவெடுத்துதான் செய்யணும் சார், ரெண்டு மாசம் ஆகும்" என்றார் அறக்கட்டளைக்காரர். எங்களுக்கோ பொங்கல் விழா மேடையில் கொடுத்தாக வேண்டும். தலைமை விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார். நான் எழுந்தேன்.

"எத்தனை ஆயிரம் பூட்ஸ் குடுத்திருக்கேன்! ஸ்மால், மீடியம், லார்ஜ். மூணு சைஸ் போதும். பெல்ட்டை இழுத்துக் கட்டினா சரியாயிடும்" என்றேன். அவர் ஏதோ முணுமுணுத்தார். பணம் கொடுக்கிறவர்களை எவ்வளவுதான் எதிர்த்துப் பேசுவார்?

இன்னொரு விதியையும் நானே சேர்த்தேன். கிடங்கில் பழைய பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தருவோம். இல்லாவிட்டால் ஒருவனே இரண்டு ஜோடி வாங்கி வெளியே விற்றுவிடுவான். அந்த வழக்கத்தை இங்கும் வைத்தேன். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

விழாவன்று மேடைக்குப் பின்னால் அவள் பழசைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டுமே அங்கிள். எதுக்கும் இருக்கட்டும்."

"நக்கோ, வேணாம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக் குவியலில் போட்டேன். அதன் பூட்ஸுக்கு அடியில் இரண்டு அங்குலத்துக்கு ரப்பர் அட்டை ஒட்டியிருந்தது. வலது கால் குட்டை என்பதால் செருப்புத் தைப்பவர் யாரோ சேர்த்துக் கொடுத்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்கு மீடியம் என்று முடிவு செய்தோம். போட்டோவுக்குச் சிரித்தாள். கிளப் அறையில் இடமில்லை என்று மறுநாளே பழையவை முப்பதையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அம்மா வந்து கூப்பிட்டாள். போனேன். புதுக் காலிப்பர் மூலையில் சாத்தி வைத்திருந்தது. மீடியம் அவளுக்கு நீளம். பூட்டு முழங்காலுக்கு மேலே நின்றது. மேல்பட்டை உரசித் தொடையெல்லாம் புண். படியில் விழுந்து நான்கு நாள் லீவு.

"நாளைக்கு வரலன்னா வரவே வேணாம்னுட்டாங்க அங்கிள்."

"அளவெடுத்துப் புதுசு செய்யச் சொல்றேம்மா. என் பொறுப்பு."

"ஹவ் அங்கிள், சரிதான், ஆனா அதுக்கு ரெண்டு மாசம் ஆகுமே. அதுவரைக்கும் என் பழசைக் குடுத்துடுங்க. துணி கட்டிப்பேன். அதுல எனக்கு நடக்கத் தெரியும்."

கோபமே இல்லாமல் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "இதோ கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். என்ன நம்பிக்கையில் சொன்னேனோ!

ஆட்டோ பிடித்து இரும்புக் கடைக்கு ஓடினேன். அதெல்லாம் அன்றைக்கே துண்டு போட்டு உருக்குவதற்கு லாரியில் போய்விட்டது என்று உருதுவில் சொன்னார் கடைக்காரர். கடை முழுக்க நானே கிளறிப் பார்த்தேன். ஒரு வார்ப்பட்டைகூடக் கிடைக்கவில்லை.

மற்ற இருபத்தொன்பது பேரின் வீட்டுக்கு நான் அன்றும் போகவில்லை, பிறகும் போகவில்லை. தைரியம் வரவில்லை.

அவள் வீட்டுக்கு மட்டும் வெறுங்கையோடு திரும்பிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வலது காலுக்கு மட்டும் சாக்ஸ் மாட்டி, கட்டுவதற்கான துணியைச் சுருட்டிக் கையில் தயாராக வைத்திருந்தாள்.