சிவப்பு வெளிச்சத்தில் அண்ணனின் கால்

கள்ளக்குறிச்சியில் நானும் என் அண்ணனும் சேர்ந்து செருப்புக் கடை நடத்துகிறோம். அத்தா வைத்துவிட்டுப் போன கடை. ஒரே வீட்டில் அவர் குடும்பம் கீழே, என் குடும்பம் மாடியில். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசலில் அண்ணி அண்ணனின் காலைப் பார்த்துவிட்டு, "ஒரு செருப்பு எங்க?" என்று கேட்டார்.

அண்ணன் குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் அப்படியே நடந்து வந்திருக்கிறார். எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. கூடவே வந்த நானும் கவனிக்கவில்லை.

"செருப்புக் கடைக்காரனே செருப்ப உட்டுட்டு வரான் பாரு" என்று சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து பல வருஷமாகியிருந்தது.

அப்போது அண்ணிக்கு மூட்டுவலி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சின்ன பிசியோதெரபி மையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவோம். அதை நடத்திய பெண் தினமும் சின்னசேலத்திலிருந்து வருவார். பயிற்சிகள் முடிந்ததும் அண்ணியின் முழங்காலுக்கு நேராக ஒரு பலகையை நிறுத்துவார். பலகை முழுக்கச் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள். போட்டதும், கட்டிலைச் சுற்றித் தொங்கும் திரைக்குள் எல்லாம் சிவந்துவிடும்.

அண்ணன் ஒரு நாள் அதன் முன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சூடே இல்லையேம்மா. வெறும் லைட்டு இன்னா பண்ணும்?"

"சூட்டுக்காக வைக்கிறது இல்லீங்க. சிவப்பு வெளிச்சம் மத்த கலர விட கொஞ்சம் ஆழமா உள்ள போகும். இதுலயே கண்ணுக்குத் தெரியாத கதிரும் வருது, அது இன்னும் ஆழமா போகும். நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சக்தி உண்டாக்குற இடம் ஒண்ணு இருக்கு. அது இந்த வெளிச்சத்த வாங்கிக்கினு கொஞ்சம் சுறுசுறுப்பா வேலை செய்யும்னு சொல்றாங்க. ரத்த ஓட்டம் ஜாஸ்தியாவும். வீக்கம், வலி கம்மியாவும். புண்ணு ஆறவும், முடி வளரவும்கூட வைக்கிறாங்க. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. இத மட்டும் நம்பிக்கினு மாத்திரைய நிறுத்தவும் கூடாது."

"அப்ப எங்காலுக்கும் வைம்மா. மரத்துப் போய்க் கெடக்குது."

அந்தப் பெண் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்குங்க. தொடறப்ப சொல்லுங்க" என்றார்.

கட்டைவிரலில் வைத்து அழுத்தினார். பாதத்தின் நடுவில், குதிகாலில், அடுத்த காலில். அண்ணன் கண்ணை மூடியபடியே, "ம், ஆரம்பிம்மா" என்றார்.

அந்தப் பெண் இழையைக் கீழே வைத்தார். "பார்த்தாச்சுங்க" என்றார் மெதுவாக. "நீங்க மொதல்ல சுகர் டாக்டர்கிட்ட கால காட்டுங்க. அவரு சரின்னா அப்புறம் வைக்கலாம். அதுவரைக்கும் வூட்ல நீங்களா எந்த லைட்டும் வைக்காதீங்க. சுடுதண்ணி ஒத்தடமும் வேணாம்."

அண்ணன் தலையாட்டினார். டாக்டரிடம் போகவில்லை. கேட்டபோதெல்லாம் கடையில் கூட்டம் என்றார்.

அண்ணிக்கு மூட்டுவலி நன்றாகக் குறைந்தது. பயிற்சியாலா வெளிச்சத்தாலா என்று அந்தப் பெண்ணே உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. மழைக்குப் பிறகு எல்லோரும் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனோம். அருவிக்கு இறங்கும் பாதையில் அண்ணி யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். அண்ணன் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டிருந்தார்.

"ஜில்லுனு இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இருக்கு, இருக்கு" என்றார்.

மகளின் பிரசவத்துக்காக அண்ணி கொஞ்ச காலம் மகள் வீட்டில் போய்த் தங்கினார். அந்தச் சமயத்தில் சரக்கு எடுக்கச் சேலம் போன அண்ணன் ஒரு சிவப்பு விளக்கோடு திரும்பினார். வளையும் தண்டு, தகரக் குடை, உள்ளே சிவப்புக் கண்ணாடி பல்பு. இதுவும் அதுதான் என்றார். மதியம் கடையிலிருந்து வந்து சாப்பிட்டதும், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அதன் முன் காலை நீட்டிக்கொள்வார். வெளியே வெயில் கொளுத்தும். அந்த அறை மட்டும் சிவப்பாகக் கிடக்கும்.

"உசுரு வருதுடா காலுக்கு" என்றார் என்னிடம். குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அந்த அறைக்குள் போகப் பிடிக்காமல் போனது. காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு நாள் மதியம் வெகுநேரமாகியும் அவர் கடைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்குப் போனேன். அறைக் கதவைத் தள்ளியதும் முடி பொசுங்கும் நாற்றம். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. இடது பாதம் சரிந்துபோய்த் தகரக் குடையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கைத் தள்ளிவிடக் கையை வைத்தேன். விரல் சுட்டு, கத்தியபடி வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தில்தான் விழித்தார். "இன்னாடா?" என்றார் சாதாரணமாக.

"கால எடுங்கண்ணே."

"எடுக்கறேன். ஏன் இப்படிக் கத்துற?"

பல்பை அணைத்துத் திரையை விலக்கினேன். வெயிலில்தான் சரியாகத் தெரிந்தது. கட்டைவிரலிலிருந்து பாதத்தின் ஓரம் வரைக்கும் தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது. அதன் பக்கத்தில் பழைய கொப்புளம் ஒன்று உடைந்து சீழ் பிடித்திருந்தது. அது எந்த நாள் வந்தது என்று அவருக்கும் தெரியாது. தன் காலை, யாருடையதோ போல, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு, அது தசைவலிக்குச் சூடு கொடுக்கும் பல்பு என்றார். எல்இடி பலகை வேறு, இது வேறு. நல்ல கால் என்றால் சுட்டதும் தானாக விலகியிருக்கும். சீழ் எலும்புவரை போயிருந்தது. முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பக்கத்து விரலையும்.

காயம் ஆற மாதக்கணக்கானது. அந்தச் சின்னசேலத்துப் பெண், டாக்டரின் அனுமதியோடு, அதே எல்இடி பலகையைப் புண்ணுக்கு நேராக வைத்தார். ஓரங்கள் மெல்ல மெல்ல மூடின. அந்தப் பலகை எரியும்போதெல்லாம் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்போது கடைக்கு வருகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே வியாபாரம் பார்க்கிறார். வலது காலையும் விடாமல் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் அண்ணி தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்து, விரலிடுக்கையெல்லாம் விரித்துப் பார்க்கிறார். அண்ணன் குனிவதில்லை. தன் காலில் என்ன இருக்கிறது என்று அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். போன வாரம் ஒரு நாள் அண்ணி கொஞ்சம் அதிக நேரம் குனிந்தே இருந்தார்.