பிடித்துத் தேய்ந்த கைப்பிடி

இது நடந்தது. கேள்விப்பட்டதல்ல. என் கைக்குள்ளேயே நடந்தது.

அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிற ஆள் நான். என் ஞாபகத்தை நானே நம்ப மாட்டேன். அதனால் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பேன். மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன். "நாள், நேரம், பார்த்தது. இந்த மூணும் போதும். உங்க அபிப்பிராயத்த யாரும் கேக்கல" என்பார் எங்கள் ஆசிரியர். இங்கேயும் அப்படித்தான் எழுதப் பார்க்கிறேன். முடிகிறதா என்று தெரியவில்லை.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். வாடகை வீடு. அம்மா, அக்கா, நான். அத்தானுக்குக் கப்பலில் வேலை. அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பெண். இன்னும் பெயர் முடிவாகவில்லை. வீட்டில் 'சங்கு' என்று கூப்பிடுவோம். ஆலைச் சங்கு மாதிரி மெதுவாக ஆரம்பித்து மேலே ஏறி ஏறிப் போவாள். "கீழ் வீட்டுக்காரங்க இவ சத்தத்த வச்சுத்தான் வேலைக்குக் கிளம்புறாங்க" என்று அக்கா சொல்வாள்.

இவ்வளவு அழுகிறாளே என்று, குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸிடம் கேட்டோம். அழுகிற நேரத்தையெல்லாம் ஒரு தாளில் குறிக்கச் சொன்னார். பின்னறையில் காற்றே இல்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றும் சொன்னார்.

தாளைத் தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். மூன்று பேரில் யார் கேட்டாலும் நேரம் எழுத வேண்டும். ஜன்னல்தான் பிரச்சினை. அது திறக்காது. கைப்பிடிக்குக் குறுக்கே யாரோ ஒரு நீள ஸ்குரூவைச் சட்டத்துக்குள் இறக்கியிருந்தார்கள். மற்ற ஐந்து ஜன்னல்களின் கைப்பிடிகளும் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"ஆறையும் நானே மாத்திடறேன்" என்றேன்.

"ஒரு ஆளக் கூப்பிடலாமே" என்றாள் அம்மா.

"வீட்டுலயே இஞ்சினியரம்மா இருக்கும்போது ஆள் எதுக்கும்மா?" என்று அக்கா சிரித்தாள். "என்ன, ஜன்னல் இருந்த எடத்துல கதவு வந்துரும். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை 9.40க்கு ஆரம்பித்தேன். கழற்றிய கைப்பிடிகளை ஒவ்வொன்றாகக் காகித உறையில் போட்டு எண் எழுதினேன். பின்னறைக் கைப்பிடி ஆறாம் எண். அந்த நீள ஸ்குரூவையும் அதே உறையில் போட்டேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் அளவு பார்க்க ஆறையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஆறாவதை மட்டும் திரும்பக் கையில் எடுத்தார்.

"மத்ததெல்லாம் நுனியில தேஞ்சிருக்கு பாருங்க. தொறந்து மூடினா அங்கதான் தேயும். இதுல பக்கவாட்டுல குழி விழுந்திருக்கு. இது தொறந்து தேஞ்சது இல்லம்மா. புடிச்சுத் தேஞ்சது."

"புடிச்சுன்னா?"

"தொறக்க விடாம அழுத்திப் புடிச்சா இப்படி ஆகும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. வருஷக்கணக்குல." குழிகளில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். "மூணு விரல் தடம்தான் இருக்கு. நாலாவது விரல் லீவு போல."

நானும் சிரித்தேன். நோட்டில் அதையும் எழுதினேன். பிறகு மறந்துவிட்டேன்.

மாலை 4.20க்கு வேலை முடிந்தது. ஒவ்வொரு ஜன்னலையும் பத்து முறை திறந்து மூடினேன். பின்னறை ஜன்னலை இருபது முறை. கைப்பிடி கீழ் நோக்கி நின்றால் பூட்டு. படுக்கை வசமாகத் திரும்பினால் திறப்பு. வெண்ணெய் மாதிரி திரும்பியது. அம்மாகூடத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லடி" என்றாள். அம்மா அப்படிச் சொல்வது அபூர்வம்.

ஜன்னலை மூடிவிட்டு வகுப்புக்குப் போனேன். 6.30 முதல் 8 மணி வரை.

8.25க்குத் திரும்பினேன். அக்கா கதவைத் திறந்ததுமே, "உன் கைப்பிடி லட்சணத்தப் பாரு" என்றாள்.

ஏழே கால் வாக்கில் பாத்திரம் கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போயிருக்கிறாள். ஜன்னல் முழுக்கத் திறந்து கிடந்ததாம். குழந்தை தொட்டிலில் விழித்தபடி சும்மா கிடந்தாளாம்.

என் வேலைதான் சரியில்லை. ஸ்குரூக்களை இறுக்கினேன். மூடி, இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

செவ்வாய். மறுபடி திறந்திருந்தது. 7.12 என்று அம்மா நேரம் பார்த்து வைத்திருந்தாள்.

புதன். 7.11.

"காத்து சில்லுன்னு புள்ள மேல அடிக்குது. மூணாவது மாடி. நாளைக்கு அவ தவழ ஆரம்பிச்சா?" என்றாள் அம்மா. "அப்பவே ஆளக் கூப்பிடலாம்னு சொன்னேன்."

அக்காதான் எனக்காகப் பேசினாள். "விடும்மா. ரூம்ல காத்து வர ஆரம்பிச்சதுல இருந்து புள்ள எவ்வளவு நல்லாத் தூங்குறா. எல்லாம் இவ கைராசி."

அது உண்மைதான். வீடு அமைதியாக இருந்தது. அக்காவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புகூடக் குறைந்திருந்தது. அன்றிரவு குழந்தையிடம் என் விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. விடுவிக்க, என் இன்னொரு கை தேவைப்பட்டது.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. என்னதான் தப்பு செய்தேன் என்று தெரிந்தாக வேண்டும்.

மாலை 6.58. பின்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்கா குளியலறையில். விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு மேலே சுவர்க் கடிகாரம். எனக்குப் பின்னால் தொட்டில்.

7.05. காற்று இல்லை. சுவரில் ஒட்டிய தாளின் ஓரம்கூட அசையவில்லை.

7.09. 'டக்' என்று ஒரு சத்தம். சட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

7.10.

கைப்பிடி நகர்ந்தது.

ஒரு நக அகலம்தான் நகர்ந்தது. நின்றது. மறுபடி ஒரு நக அகலம்... சத்தம் வராமல் திறக்க நினைக்கிற ஒருவர் திருப்புவது போல.

நான் பாய்ந்து பிடித்தேன்.

கீழே அழுத்தினேன். அது மேலே தள்ளியது. என் பலத்தைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் விட்டது. மறுபடி தள்ளியது.

வெளியே கைப்பிடியே கிடையாது. கைப்பிடியின் கம்பி சட்டத்துக்குள்ளேயே முடிகிறது. எனக்குத் தெரியும். மாட்டியவள் நான். வெளியே நிற்கவும் இடமில்லை. மூன்று மாடி உயரத்துக்கு வெறும் சுவர். கீழே வண்டி நிறுத்தும் திடல்.

7.13. இரண்டு கையாலும் பிடித்தேன்.

7.16. அக்காவைக் கூப்பிட்டேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். அவளுக்குக் கேட்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் என் முகம் மட்டும் தெரிந்தது.

7.19. வெளியே ஒரு குழந்தை அழுதது.

மெல்லிய சத்தம். எங்கோ பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நினைத்தேன்.

தள்ளுவது அதிகமாயிற்று.

அழுகையும்...

தொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

விழித்திருந்தாள். சத்தமே இல்லை. ஜன்னலைப் பார்க்கவில்லை.

என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடவில்லை. நான் விடவே இல்லை.

7.24. தள்ளுவது நின்றது. அழுகையும் நின்றது.

அக்கா தலை துவட்டியபடி வந்தாள். "என்னடி, வேர்த்து ஊத்துது?"

"ஸ்குரூ டைட் பண்ணேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் புதுக் கைப்பிடியைக் கழற்றினேன். ஆறாம் எண் உறையைப் பிரித்துப் பழையதையே மாட்டினேன். நீள ஸ்குரூவையும் பழைய ஓட்டையிலேயே இறக்கினேன். அன்று மாலை ஜன்னல் திறக்கவில்லை. அம்மா நிம்மதியானாள். உண்மையைச் சொன்னால், நானும்தான். குழந்தையைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்கார அம்மாவைப் படிக்கட்டில் பார்த்தேன். முன்னால் குடியிருந்தவர்களைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அச்சாபீஸ்காரரா? நல்ல மனுஷன். மெஷின்ல சிக்கி ஒரு விரல் போயிருச்சு, பாவம்."

என் கை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"சாயந்திரமானா எங்க இருந்தாலும் ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு ஓடி வந்துருவாரு. 'என்னப்பா, பொண்டாட்டி திட்டுவாளா?'ன்னு கிண்டல் பண்ணுவோம். நிக்காம மேல போயிருவாரு. ஒரே ஒரு நாள் பஸ் கிடைக்காம லேட்டாயிருச்சு. வந்து பாத்தா ஜன்னல் தொறந்து கிடக்கு."

"அவங்க வீட்டுல... குழந்தை இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு வயசுப் பையன். அதுக்கு ஒண்ணும் ஆகல. தொட்டில்லயேதான் படுத்திருந்தான். ஆனா அவரு பொண்டாட்டி ஒரேயடியா, இது எங்க புள்ள இல்ல, இவன் அழவே மாட்டேங்குறான்னு சொல்ல ஆரம்பிச்சிருச்சு. பெத்தவ பேசுற பேச்சா அது? அழாத புள்ள கிடைக்க எவ்வளவு பேரு தவம் கிடக்குறாங்க! அந்த வாரமே காலி பண்ணிட்டாங்க. ஜன்னல்தான் சனியன்னு நான்தான் பெரிய ஸ்குரூவாப் போட்டு அடைச்சேன்."

மேலே ஓடினேன். எத்தனை படி தடுக்கியது என்று எண்ணவில்லை.

அக்கா உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்... தூங்குறா" என்றாள்.

சுவரில் ஒட்டிய தாளைப் படித்தேன். ஞாயிறு: பதினொரு முறை. திங்கள்: காலையிலிருந்து ஆறு முறை. கடைசி வரி அக்காவின் கையெழுத்து. திங்கள், மாலை 6.55.

அதற்குப் பிறகு தாள் வெறுமையாக இருந்தது. அமைதியாக இருக்கிறது என்று மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம். ஒருவரும் தாளைப் படிக்கவில்லை.

பிறகு என் நோட்டை எடுத்தேன். வியாழன், 7.19. என் கையெழுத்துதான். அன்றிரவு உட்கார்ந்து எழுதியது. 'வெளியே குழந்தை அழும் சத்தம். பக்கத்து வீடாக இருக்கலாம். மெதுவாக ஆரம்பித்து மேலே ஏறி ஏறிப் போனது.'

பின்பக்கம் வீடே கிடையாது.

அன்று மாலை 6.50க்கு நீள ஸ்குரூவைக் கழற்றினேன். நானே ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். 7.10 ஆயிற்று. 7.19 ஆயிற்று. 7.24 ஆயிற்று. வண்டிகள் நிற்கும் திடல். சுவர். வேறு எதுவும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

இன்றோடு பத்தொன்பது நாள். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தினமும் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். திறந்த பிறகு கைப்பிடியைத் தொடுவதில்லை. என் அபிப்பிராயம் எதையும் நான் எழுதவில்லை. அக்காவிடம் எதையும் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது?

தொட்டிலில் இருப்பவள் நன்றாகத் தூங்குகிறாள். நன்றாகப் பால் குடிக்கிறாள். எடை கூடியிருக்கிறது என்று நர்ஸ் பாராட்டினார்.

அவளைச் 'சங்கு' என்று யாரும் இப்போது கூப்பிடுவதில்லை.