வூடாங் மலையுச்சியில் நான் கேட்ட நியாயம்

அடியார்களே, நான் கனடாவில் எட்மண்டனில் இருக்கிறேன். பதினொரு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போன வருடம் மாசி மாதம் ஒரு பொய் என்னை வீட்டுக்கு அனுப்பியது.

எங்கள் இல்லத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு வெள்ளைக்கார முதியவர் இருந்தார். ஒருநாள் காலை அவருடைய கன்னம் வீங்கியிருந்தது. நான் அறைந்ததை வாசலில் நின்று கண்டதாக, என்னோடு வேலை செய்த வதனி எழுதிக் கொடுத்தாள். வதனிக்கு அங்கே வேலை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். தமிழ்க் கடையில் தெரிந்தவர்கள் என்னைக் கண்டும் காணாமல் போனார்கள். வதனியின் கை விளங்காமல் போகவேண்டும். முருகனிடம் காலையும் மாலையும் இதைத்தான் கேட்டேன்.

சலவை அறையில் வேலை செய்யும் மேய் என்ற சீனப் பெண் மட்டும் என்னைத் தேடி வந்தாள். சித்திரையில் அவள் ஊருக்குப் போகவிருந்தாள். அங்கே வூடாங் மலையுச்சியில் பழைய தாவோ மதக் கோயில்கள் இருக்கின்றனவாம். அந்தத் தெய்வம் தீயதை விரட்டும் போர்வீரனாம். “என்னோடு வா,” என்றாள்.

என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

“முருகனை விட்டிட்டுச் சீனச் சாமியிட்டைப் போறியோ?”

“விடேல்லையப்பா. இவரிட்டையும் ஒருக்காச் சொல்லிப்போட்டு வாறன்.”

மலையில் கல்படிகள் முடிவதாயில்லை. ஒவ்வொரு படியையும் வதனியின் பெயரைச் சொல்லி மிதித்தேன். பாறை விளிம்புகளில் ஒட்டிக்கொண்டு கோயிலுக்கு மேல் கோயில். உச்சியில் பொன் பூசிய ஒரு சின்ன வெண்கல மண்டபம். உள்ளே தெய்வம் கூந்தலை விரித்து, வெறுங்காலோடு அமர்ந்திருந்தது. நானும் அப்படித்தான் நின்றேன். காற்றில் என் கொண்டை அவிழ்ந்திருந்தது. காலணியைப் பழக்கத்தில் வெளியே விட்டிருந்தேன்.

ஊதுபத்தியோடு முழந்தாளிட்டேன். அவளுடைய கை விளங்காமல் போகவேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ வேறு.

“அவள் தன்ரை வாயாலையே அழியவேணும்.”

 வாய்விட்டு அழுதேன்.

வைகாசியில் விசாரணை. வதனி எனக்கு எதிரே இருந்தாள். வாசலில் நின்று பார்த்ததாகத்தான் அப்போதும் சொன்னாள். அந்த முதியவர் ஏன் அடிவாங்கினார் என்று கேட்டார்கள்.

“மருந்தை என் முகத்தில் துப்பினார்,” என்றாள்.

 வாசலில் நின்றவளின் முகத்தில் எப்படித் துப்பினார் என்று கேட்டார்கள். அவளுடைய வாய் திறந்து திறந்து மூடியது. என் கண் அவளை விட்டு அகலவில்லை. அடித்தது தான்தான், பழியை என்மேல் போட்டேன் என்று அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

வெளியே நடைபாதையில் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்கோ.”

“ஏலாது,” என்றேன். கையை உதறிவிட்டு நடந்தேன். வீடு வந்து மூன்று மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

அவளுக்கு வேலை போனது. நான் வேலைக்குத் திரும்பிப் போனேன். அந்த முதியவருக்கு இப்போது நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். யாரைப் பற்றியாவது குறை வந்தால், அவர்களிடம் கேட்காமல் ஒரு சொல்லும் நம்புவதில்லை.

வதனியை மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அந்தத் தெய்வம் என்னிடம் அதைக் கேட்கவுமில்லை. அநியாயம் பட்டவர்களே, மனம் ஆறட்டும், பிறகு கும்பிடுவோம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற நெஞ்சோடேயே போய் நில்லுங்கள். அதையும் ஏற்றுக்கொள்கிற தெய்வம் இருக்கிறது.