பத்து கிலோ தாங்கும் பை

சுப்புராயன் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பெருமையடித்துக்கொண்டார். அது மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை. ஊரில் மற்றவர்கள் கொடுக்கிற பை, தேங்காயோடு வீடு போய்ச் சேருவதற்குள் கைப்பிடி அறுந்து தொங்கும். தன் வீட்டுக் கல்யாணத்தில் அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது என்று கடலூருக்கு மூன்று தடவை பஸ் ஏறிப் போனார். கெட்டித் துணியாகப் பார்த்து, கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போடச் சொல்லி, ஆயிரம் பை அடித்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார முடியாது. அதைப் பற்றி அவருக்கென்ன? மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து, மேலே பிள்ளையார், கீழே செம்பியன் – இளவரசி. பந்தி முடிந்து வருகிறவர்களிடமெல்லாம், "பத்து கிலோ அரிசி தாங்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

கல்யாணம் பதினாலு மாதம் தாங்கியது.

ஏன் முறிந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் கடைசியில் இளவரசி ஒரு சூட்கேசோடு சேத்தியாத்தோப்பில் அப்பா வீட்டு வாசலில் வந்து இறங்கியதுதான் நடந்தது. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிந்தது. பிறகு அவள் சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். சுப்புராயன் வேலை பார்த்த ரைஸ் மில்லை மூடியபோது, அவள்தான் மேனேஜரிடம் பேசி அப்பாவுக்கும் அதே கடை வாசலில் ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தாள். வருகிறவர்களின் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பதும், போகிறவர்களின் பில்லைப் பார்த்து முத்திரை குத்துவதும் அவர் வேலை. அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போனார்கள். நாள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேரி பேக்குக்குக் காசு என்றார்கள். சின்னது ஐந்து ரூபாய், பெரியது பத்து. இரண்டாயிரத்துக்குச் சாமான் வாங்கி, முகம் சுளிக்காமல் கார்டைத் தேய்த்த ஜனங்கள் இந்தப் பத்து ரூபாயில் சாமி வந்தவர்கள் போல் ஆடினார்கள். ராஜாமணி என்று ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "ஒங்க கடப் பேரப் போட்ட பைய நான் தெரு தெருவா தூக்கினு போறேன். நியாயமா நீங்கதான்யா எனக்குக் காசு தரணும்" என்று கேட்டுவிட்டு, புகார் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதினார். ஒருவர் பருப்பையும் புளியையும் ஹெல்மெட்டில் நிரப்பிக்கொண்டு வெறுந்தலையோடு வண்டியை எடுத்தார். ஒரு அம்மாள் மொத்தச் சாமானையும் மேஜையிலேயே போட்டுவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போய், பத்து நிமிஷம் கழித்து அதே சாமானுக்காகத் திரும்பி வந்தார்.

அதிக வசவு வாங்கியது வாசலில் இருந்த சுப்புராயன்தான். வீட்டிலிருந்து பை கொண்டு வருகிறவர்களும் அதை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே பில் போடும்போது கையில் பை இருக்காது. பத்து ரூபாய் கொடு என்பார்கள். "எம்பைய நீ புடுங்கி வச்சிக்கினு, எங்கிட்டயே பை விக்கிறீங்களா? நல்லா இருக்குய்யா ஒங்க ஏவாரம்" என்று அவரைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை. ஒரு மாதம் இந்தக் கூத்து நடந்த பிறகு மேனேஜர் இறங்கி வந்தார். காலிப் பையை உள்ளே கொண்டு போகலாம், ஆனால் பெரியவர் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு சிதம்பரத்து ஜனங்கள் பரணையும் பீரோவையும் குடைந்து, நாலைந்து வருஷத்துக் கல்யாணப் பைகளையெல்லாம் வெளியே எடுத்தார்கள். ரோஸ் பை, பச்சைப் பை, படம் போட்ட பை என்று எல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. மூன்றாம் நாளே அந்த மஞ்சள் பையும் வந்தது. சாயம் போகவில்லை, ஒரு தையல் விடவில்லை. பிரித்தவர் பிரித்தபடி நின்றார். பைக்காரம்மாள், வெறும் பைதான் தாத்தா என்று சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். அது நேராக இளவரசியின் மேஜைக்குப் போயிற்று. அந்த அம்மாள் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்து, பையில் உன் பெயர்தான் போட்டிருக்கிறது பார் என்று வெகுளியாகச் சிரித்தார். இளவரசியும் சிரித்துக்கொண்டே சாமானை எடுத்து அடுக்கினாள். மறுநாளிலிருந்து பெயர் அட்டை துப்பட்டாவுக்குள் போய்விட்டது.

அந்தச் சிரிப்பு சுப்புராயனைக் கொன்றது. இனி அந்தப் பை மகள் கண்ணில் படக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். கைக்காசில் கடைப் பை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் பை வந்தால், இது பழசாகிவிட்டதும்மா என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு புதுசைக் கொடுத்தார். பத்து ரூபாய் பை சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? வாசலில் இருக்கிற தாத்தா கல்யாணப் பைக்குப் புதுப் பை தருகிறார் என்று செய்தி பரவி, கண்ட கல்யாணத்துக் கிழிசலையெல்லாம் கொண்டுவந்து நீட்டினார்கள். முடியாது என்றால் அதற்கொரு சண்டை. ராஜாமணி வாத்தியார், இதில் பரிசுக் குலுக்கல் ஏதும் உண்டா என்று விசாரித்தார். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். அப்புறமும் சுப்புராயன் தன் வீட்டுப் பையை மட்டும் கண்ணைக் காட்டி, காதைக் கடித்து, மாற்றிக்கொண்டுதான் இருந்தார். மாற்றியதையெல்லாம் வீட்டில் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிள்ளையார் படம் போட்டதை எரிக்க மனசு வரவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது இளவரசி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆயிரம் பை அடிச்ச. எத்தினின்னு புடிப்ப? உட்டுடுப்பா."

அவர் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார். அவரும் உட்காரும்போதெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வந்த கடலூர்க்காரம்மாள் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். கையில் மடிப்புக் கலையாத ரோஸ் பை. வழக்கம்போல் சுப்புராயன் பிரித்தார். செம்பியன் – அனுப்பிரியா. போன மாதத் தேதி. கீழே பையனின் அப்பா பேர், அம்மா பேர், கடலூர் முகவரி. சந்தேகப்பட வழியே இல்லை. அந்தப் பையன் எப்போதாவது இன்னொரு கல்யாணம் செய்துகொள்வான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அது இப்படித் தன் கையில் வந்து பிரியும் என்றுதான் நினைக்கவில்லை.

"இத இங்க வச்சிட்டுப் போம்மா. வேற பெரிய பை தரேன், காசு வாணாம்" என்றார்.

"இது எங்க தங்கச்சி பொண்ணு கல்யாணப் பை, தர மாட்டேன். இங்க வச்சிட்டுப் போனா உள்ள பத்து ரூபா புடுங்குவீங்க. எல்லாம் தெரியும்" என்று அந்த அம்மாள் போய்விட்டார். காலிப் பையை உள்ளே விடலாம் என்பது கடை விதி. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உள்ளே மூன்று பில் மேஜைகள். மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போகட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினார். ஆனால் இளவரசிக்குக் கை வேகம், அவள் முன்னால்தான் எப்போதும் கூட்டம் குறைவு. அந்த அம்மாள் அங்கேயே போய் நின்றார். ரோஸ் பை மேஜை மேல் விரிந்தது. மகள் குனிந்து பார்த்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். எண்ணெயை அடியில் வைத்தாள், அதற்கு மேல் சர்க்கரை, அதற்கு மேல் பிஸ்கட். ஒன்றும் நசுங்காமல் அடுக்கினாள். சின்னப் பை, அதற்குள் நிரம்பிவிட்டது. அரிசிப் பொட்டலமும் சோப்பும் வெளியே கிடந்தன. இன்னொரு பை பத்து ரூபாய் என்றதும் அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். நியாயம் கேட்டு அவர் போட்ட சத்தம் வாசல் வரை வந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

இளவரசி எழுந்து நேராக அப்பாவிடம் வந்தாள். முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை. அது இருந்திருந்தாலாவது அவருக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும்.

"காலையில ஒண்ணு மாத்துனியே, அதக் குடு."

"வாணாம் பாப்பா."

"பத்து கிலோ தாங்கும்னு நீதான சொல்லுவ. குடுப்பா."

அவளே இழுப்பறையைத் திறந்து மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அரிசியையும் சோப்பையும் அதில் வைத்து, காசு வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் கொடுத்தாள். பிறகு அடுத்து நின்றவரிடம், பை இருக்கிறதா என்று கேட்டாள்.

கடலூர்க்காரம்மாள் இரண்டு கையிலும் இரண்டு பையோடு வாசலுக்கு வந்தார். சும்மா கிடைத்த பையைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. இரண்டிலும் முதல் பெயர் ஒன்றுதான். சுப்புராயன் பில்லை வாங்கினார். முத்திரை குத்திக் கொடுத்தார். மஞ்சள் பையைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டே அந்த அம்மாள், "நல்ல கெட்டியா இருக்குது பெரியவரே. எங்க அடிச்சது?" என்று கேட்டார்.

"கடலூர்லதாம்மா" என்றார் சுப்புராயன்.